எந்த யெஸ்?

வெளியே சாவி திரும்பியது. பேரம் படியாத கடைக்காரர் பட்டுச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடுவாரே, அந்த மாதிரி அவசரமே இல்லாத ஒரு 'டக்'.

பேபி கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். தள்ளிப் பார்த்தாள். வயிறு முட்டச் சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி கதவு அசையவில்லை.

"அண்ணாச்சி, பூட்டிட்டான்."

"காதுல விழுந்துது," என்றார் ஜெயகரன். எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாலும் முதலில் உட்கார ஒரு இடம் பார்ப்பது அவர் வழக்கம். வெல்வெட் மெத்தையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு ஜாகீர்தாருடைய சலூன் வண்டி அது, ரயிலில் கோத்துக்கொள்ளும் சொந்தச் சொகுசுப் பெட்டி. பழுது பார்க்க சிகந்தராபாத் ரயில் பட்டறைக்கு வந்து, இப்போது திரும்பிப் போகத் தயாராக நின்றது. அவர்கள் மூவரும் அடைபட்டிருந்தது அதில் ஜனானா அறையில். வீட்டுப் பெண்கள் வெளியே தெரியாமல் பயணம் செய்வதற்காக, ஜன்னலுக்கெல்லாம் திறக்க முடியாத மரச்சட்டம் அடித்திருந்தது. சட்டங்களின் இடுக்கில் வெயில் கோடு கோடாக உள்ளே விழுந்தது. காற்றுக்கு அந்தச் சலுகை இல்லை.

இடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது. சீமைப் பிஸ்கட் மாதிரி நறுக்கென்ற ஆங்கிலம். "மன்னிக்க வேண்டும் மிஸ்டர் ஜெயகரன். இப்போது எஞ்சின் வரும். வண்டி ஜாகீருக்குப் போகிறது. அங்கே கதவைத் திறப்பார்கள். கைதியோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டே போங்கள்."

பட்டறை உதவி சூப்பிரண்டு மிஸ்டர் நேதன். பூட்ஸ் சத்தம் நாலடி நகர்ந்து நின்றது. ஆள் போய்விடவில்லை. எஞ்சின் கோத்துக்கொள்வதைக் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டான் போலிருந்தது.

"சலூன்னு சொல்லும்போதே யோசிச்சிருக்கணும்," என்றாள் பேபி. "மொட்டையடிக்காம அனுப்ப மாட்டானுவ."

மூலையில் தரையில் குந்தியிருந்த மனிதன் சிரிக்கவில்லை. அவன் பெயர் அய்யாக்கண்ணு. பட்டறை ஃபிட்டர். ஜோலார்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்து, ரயில்வே குடியிருப்பில் குடும்பம் நடத்துகிறவன். காலையில் அவன் பெண்டாட்டி செல்லம்மா, ஜெனரல் பஜாரில் பித்தான் கடைக்கு மேல் மாடியில் ஜெயகரனும் உதவியாள் பேபியும் இருந்த துப்பறியும் ஆபீசுக்கு மூச்சிரைக்க ஏறி வந்து சொன்னது இவ்வளவுதான். ஜாகீர்தார் தலைப்பாகையில் குத்திக்கொள்ளும் சர்பேச், பச்சைக்கல் பதித்த நகை, இந்த வண்டியில் மறந்து விட்டுப் போனது, காணாமல் போய்விட்டது. விசாரித்தவர்களிடம் தன் புருஷனே ஒப்புக்கொண்டானாம். அவனை ஜாகீருக்கு அனுப்பப் போகிறார்களாம்.

ஜாகீர் என்றால் ஜாகீர்தாரே போலீஸ், அவரே கோர்ட்டு, அவரே சிறை. நிஜாம் சர்க்காரின் கோர்ட்டுக்கே அங்கே விருந்தாளி மரியாதைதான். உள்ளே போன ஏழை எப்போது வெளியே வருவான் என்று கேட்க ஆளும் கிடையாது, கேட்க வாயும் கிடையாது. செல்லம்மா இந்நேரம் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வே, அய்யாக்கண்ணு," என்றார் ஜெயகரன். "எடுத்தீரா?"

"சாமி சத்தியமா எடுக்கலீங்க."

"அப்புறம் கைக்கு ஒத்துக்கிட்டீரு?" என்றாள் பேபி. வீட்டுப் பாளையங்கோட்டைத் தமிழோடு தக்கனி உருது கலந்துதான் அவளுக்குப் பேச்சு வரும்; 'கைக்கு' என்றால் 'ஏன்'. பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது எல்லாம் சிகந்தராபாத்.

"நானு எங்கம்மா ஒத்துக்கினேன்? ஆமா, எடுக்கலன்னுதான் சொன்னேன்."

"எந்த பாஷையில சொன்னீரு?"

"துரை எதுர்ல தமிழ்லயா பேசுவாங்க? இங்கிலீஷுல."

ஜெயகரன் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார். அவர் துப்பறிய வருவதற்கு முன் கண்டோன்மென்ட் கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். வெள்ளைக்கார ஜட்ஜுக்கும் தமிழ்ச் சாட்சிக்கும் நடுவில் நின்று பாதி ஆயுளைக் கழித்தவர். "யாரு கேட்டா? என்ன கேட்டா? கேட்ட மாதிரியே சொல்லும்."

அய்யாக்கண்ணு எழுந்து நின்றான். கேள்வியைச் சொல்வதற்கே நிற்க வேண்டும் என்று நினைக்கிறவன். "பெரிய சூப்பிரண்டு பார்லோ துரை நாற்காலியில உக்காந்திருந்தாரு. கேட்டது பூரா நேதன் ஐயாதான். 'யூ டிட் நாட் கோ இன்சைடு?'ன்னாரு. யெஸ் சார்னேன். 'யூ டிட் நாட் டேக் இட்?'ன்னாரு. யெஸ் சார்னேன். 'யூ ஆர் நாட் எ தீஃப்?'ன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. யெஸ் சார், யெஸ் சார்னு காலைப் புடிச்சுட்டேன்."

பேபி நெற்றியில் கை வைத்தாள்.

"அட கடவுளே. எடுக்கலையான்னு கேட்டா, ஆமா எடுக்கலன்னு சொல்லியிருக்காரு. துரை காதுல, ஆமா எடுத்தேன்னு விழுந்திருக்கு."

"இங்கிலீஷ்காரனுக்குக் கேள்வி எப்படி இருந்தாலும் கவலையில்லை," என்றார் ஜெயகரன். "எடுத்திருந்தா யெஸ். எடுக்கலேன்னா நோ. நமக்கு அப்படியா? நீ சொன்னது சரின்னா ஆமா, தப்புன்னா இல்லை. சாப்பிடலையான்னு கேட்டா, ஆமா சாப்பிடலேம்போம். கோர்ட்டுல இந்த ஒரு யெஸ்ஸுக்காக ஜட்ஜுமாரு தலைமயிரைப் பிச்சுக்கிட்டதை நான் பார்த்திருக்கேன்."

"அஞ்சு வார்த்தைக் கேள்வியில எவ்வளவு பெரிய குழி." பேபி சட்ட இடுக்கில் கண்ணை வைத்து வெளியே பார்த்தாள். நேதன் வெயிலிலேயே நின்றான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையில் சோலா தொப்பியோடு. "பாவம், அவனும் தெரியாமத்தானே கேட்டிருப்பான்? பம்பாயில பொறந்து சீமையில வளந்தவனாம். தமிழன் எப்படிப் பதில் சொல்லுவான்னு அவனுக்கு என்ன தெரியும்?"

ஜெயகரன் அவளையே பார்த்தார். அது அவர் பழக்கம். பேபி தானே சொன்னதைத் தானே இன்னொரு தரம் கேட்கட்டும் என்று விட்டுவிடுவார்.

பேபிக்கு அது உறைத்தது. அவள் அப்பாவுக்கு ஜெனரல் பஜாரில் ஜவுளிக்கடை. அரைப்பாவாடை காலத்திலிருந்தே அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த விஷயம் ஒன்று உண்டு. நேராக விலை கேட்கிறவன் வாங்க வந்தவன். 'இதுக்குக் குறைச்சு வராதுல்ல?' என்று கோணலாக ஆரம்பிக்கிறவன், வேறு கணக்கோடு வந்தவன்.

"மூணு கேள்வி," என்றாள் மெதுவாக. "மூணுலயும் நாட். திருடினியான்னு நேரா ஒண்ணுகூட இல்லை."

"சீமையில வளந்தவன் 'டிட் யூ டேக் இட்?'னு கேட்டு முடிச்சிருப்பான். ஒவ்வொரு கேள்வியிலும் நாட்டை வைக்கணும்னா, இந்த ஆளு யெஸ்னு சொல்லுவாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அது யாருக்குத் தெரியும்?"

"தானும் அப்படியே சொல்லி, வாத்தியார் கையில அடி வாங்கினவனுக்கு."

"இங்கிலீஷ்ல நாட்னா இல்லைங்கறது ஒண்ணு, கயித்து முடிச்சு ஒண்ணு. சத்தம் ஒண்ணுதான். இவன் ரெண்டையும் சேர்த்தே போட்டிருக்கான்."

அய்யாக்கண்ணு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நேதன் ஐயாவுக்குத் தமிழ் தெரியுமாங்க? நாங்க அவரு எதுர்லயே அவரைப் பத்தி என்னென்னவோ பேசியிருக்கோமே."

"இப்போ அதுக்கா கவலைப்படுதீரு?" என்றாள் பேபி. பிறகு சடக்கென்று திரும்பினாள். "அண்ணாச்சி, துரை ரூமுல அவன் சொன்னதைக் கவனிச்சீயளா? துரை டீ ஊத்திட்டு இருந்தாரு. இவன், 'ஐ ஆம் கமிங், சார்'னு சொல்லிட்டு நம்மளைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்துட்டான். போறவன் எவனாவது கமிங்ம்பானா? அது நம்ம 'வாரேன்'லா?"

"மராத்திக்காரனும் வாரேன்னுதான் கிளம்புவான். தெலுங்குக்காரனும் அப்படித்தான். தமிழன்னு அடிச்சுச் சொல்ல இது பத்தாது."

"சீமைன்னு சொல்லுறது பொய்னு காட்டப் பத்துமுல்லா?"

"அதுக்குப் பத்தும்." ஜெயகரனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "அதுக்கு மேலயும் ஒண்ணுக்கு உதவும். துரை அதை எப்படி எடுத்திருப்பாரு?"

பேபி கண்ணை மூடி யோசித்தாள். நேதன் கமிங் என்று சொன்னதும் துரை இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தார். அதில் ஊற்றவும் ஊற்றினார்.

"இதோ வந்துடுவான்னு காத்துக்கிட்டு இருப்பாரு. டீ ஆறிக்கிட்டு இருக்கும்."

"பார்லோ துரையை எனக்குத் தெரியும். திருட்டைக்கூட மன்னிச்சுருவாரு. ஆறிப்போன டீயை மன்னிக்க மாட்டாரு. தேடிக்கிட்டு வருவாரு."

"எஞ்சினுக்கு முன்னால வருவாரா?"

அதற்குப் பதிலை எஞ்சினே சொன்னது. தூரத்தில் ஒரு ஊதல், அப்புறம் தண்டவாளத்தின் நடுக்கம் உள்ளங்கால் வழியாக ஏறியது. அறை சூளையாகக் காய்ந்தது. பேபியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேடிக்கையெல்லாம் வாயில்தான். சாயங்காலம் வீட்டுக்கு வராவிட்டால் அம்மா முதலில் சர்ச்சில் தேடுவாள். ஜாகீரில் யார் தேடுவது?

படார் என்று எஞ்சின் வந்து இடித்தது. அய்யாக்கண்ணு சுவரில் மோதி விழுந்தான். கொக்கி மாட்டும் சங்கிலிச் சத்தம்.

"நேதன்!" வெளியே கரகரத்த குரல் ஒன்று. "வருவதாகச் சொல்லிவிட்டு எங்கே போய்த் தொலைந்தீர்? டீ குளிர்ந்துவிட்டது."

பார்லோ துரை. பேபிக்கு அந்த நிமிஷம் அவர் மொட்டைத்தலை தேவதூதன் தலை மாதிரி ஜொலித்தது. தொப்பியைக் கையில் பிடித்து விசிறிக்கொண்டு வந்தார்.

ஜெயகரன் இடுக்கில் வாயை வைத்து, துபாஷி காலத்துக் குரலில் எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். தாங்களும் உள்ளே பூட்டப்பட்டிருப்பது, அந்த யெஸ்ஸுக்குத் தமிழில் வேறு அர்த்தம், எல்லாம். துரை கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உங்களைப் பூட்டியது தவறு. இறங்கிக்கொள்ளலாம். ஆனால் அவன் இறங்க முடியாது. யெஸ் என்றால் யெஸ்தான் ஐயா. யெஸ் என்றால் நோ என்று நான் ஒப்புக்கொண்டால், இந்தத் தேசத்தில் ஒருவனையும் வேலைக்கு வைக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது."

"மிஸ்டர் ஜெயகரன் கெட்டிக்காரர், சார்," என்றான் நேதன், வெண்ணெய் தடவிய குரலில். "இலக்கணத்தை வைத்தே திருடனைக் காப்பாற்றப் பார்க்கிறார்."

பூட்டு திறந்தது. கதவுக்குக் குறுக்கே துரையின் பிரம்பு. இறங்கலாம், இருவர் மட்டும். அய்யாக்கண்ணு மூலையிலேயே நின்றான். வாசல் திறந்த பிறகும் அடைபட்டிருப்பவன் முகம் எப்படி இருக்கும் என்று பேபி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஜெயகரன் அவள் காதருகே குனிந்தார். "கேள்வி ஒண்ணு இருக்கு. ஆனா உஷாரா இருக்கான். நேராக் கேட்டா மாட்ட மாட்டான்."

"என்ன கேள்வி?"

சொன்னார்.

பேபி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "கேள்வி உங்களது. விக்கிறது என் வேலை. பேசாம இருங்க."

படியில் நின்றபடி நேதனைப் பார்த்துச் சிரித்தாள். கை நீட்டாத வாடிக்கையாளரைக் கடைக்குள் இழுக்க அப்பா சிரிக்கும் சிரிப்பு அது. வாடிக்கையாளரை முதலில் 'ஆமாம்' சொல்லப் பழக்கு, ஐந்தாவது ஆமாம் தானாக வரும் என்பது அவர் தொழில் ரகசியம். கன்னியாஸ்திரிகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில், மூச்சு விடாமல் ஆரம்பித்தாள்.

"மிஸ்டர் நேதன், நீங்கள் பிறந்தது பம்பாய்தானே?"

"யெஸ்."

"சின்ன வயதிலேயே கப்பலேறி விட்டீர்கள்?"

"யெஸ்."

"பள்ளிக்கூடமெல்லாம் அங்கேயே?"

"யெஸ், யெஸ்." வாட்சைப் பார்த்தான்.

"துரைக்கு உங்கள் மேல் நிரம்ப நம்பிக்கை?"

"யெஸ்."

"உங்களுக்குத் தமிழே தெரியாது?"

"யெஸ், யெஸ். இதெல்லாம் எதற்கு?"

பேபி வாயை மூடிக்கொண்டாள். பேரம் படிந்த பிறகு பேசுகிறவன் வியாபாரி அல்ல.

எஞ்சின் புஸ்ஸென்று ஆவி விட்டது. துரையின் பிரம்பு கதவிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

"சார்," என்றார் ஜெயகரன், மிகுந்த பணிவோடு. "இது எந்த யெஸ்?"

துரை நேதனைப் பார்த்தார்.

"இது இங்கிலீஷ் யெஸ் என்றால், மிஸ்டர் நேதனுக்குத் தமிழ் தெரியும். இத்தனை நாளும் தங்களிடம் மறைத்திருக்கிறார். 'ஆமாம், தெரியாது' என்கிற யெஸ் என்றால், அய்யாக்கண்ணு சொன்னதும் அதே யெஸ்தான். அவன் எடுக்கவில்லை. எதை வேண்டுமானாலும் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல மட்டும் வழியில்லை."

"நோ," என்றான் நேதன். "நோ என்றுதான் சொல்ல வந்தேன். வாய் தவறிவிட்டது."

"ஃபிட்டருக்கும் அதே வாய்தானே சார்? அவனைத் திருத்திச் சொல்ல யாரும் விடவில்லையே."

நேதனின் கழுத்தில் வியர்வை காலருக்குள் ஓடியது. இடது பக்கம் எஞ்சின், வலது பக்கம் துரை, எதிரே படியில் பேபி. சற்று முன் வரை உள்ளே இருந்த புழுக்கம் கதவு வழியாக இறங்கி அவனிடம் போய்விட்டது போலிருந்தது.

"ஆபீசில் எல்லாவற்றையும் விளக்குகிறேன், சார்," என்றான். "ஐ ஆம் கமிங், சார்." திரும்பி எதிர்த்திசையில் நடந்தான்.

"நில்லும்," என்றார் துரை. "இதையேதான் முன்பும் சொன்னீர். வரவில்லை."

"துரை," என்றாள் பேபி, "எனக்கு ஒரு சந்தேகம். தாங்கள் தொப்பியைக் கையில் வைத்திருக்கிறீர்கள். சீமையில் படித்த மனிதர், தங்கள் ரூமிலும் எடுக்கவில்லை, ஒரு பெண் பேசும்போதும் எடுக்கவில்லை. தலையில் கொப்பளமோ என்று நினைத்தேன்."

நேதன் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டான். அதைச் செய்யாமலிருந்தால் துரைக்குத் தோன்றியிருக்காது. பிரம்பின் நுனி தொப்பியின் விளிம்புக்குக் கீழே போய் ஒரு நெம்பு நெம்பியது.

கரித்தூளுக்கு நடுவே, பச்சையாக, அது விழுந்தது.

"தலையில வைக்கிற நகைதானே," என்று பேபி தமிழில் முணுமுணுத்தாள். "சரியான இடத்துலதான் வச்சிருக்கான். ஒரு அடுக்கு உள்ள தள்ளி."

ஜெயகரன் இறங்கி வந்தார். "உங்க ரூம் வாசல்ல போர்டு பார்த்தேன். யு. நேதன்னு போட்டிருக்கு. அந்த யு என்னவா இருக்கும்னு அப்போலேருந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"யு-வுல சீமைக்காரனுக்கு என்ன பேரு இருக்கு?" என்றாள் பேபி. "அம்ப்ரெல்லாவா?"

"உலகநாதன்," என்றார் ஜெயகரன், சாதாரணமாகக் கூப்பிடுகிற மாதிரி.

நேதன் பதில் சொல்லவில்லை. தலை மட்டும் திரும்பிவிட்டது. ஊரில் அம்மா கூப்பிட்டால் திரும்புகிற தலை.

காவலாளிகள் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். எஞ்சினைக் கழற்றச் சொல்லிவிட்டுத் துரை அய்யாக்கண்ணுவின் முன்னால் வந்து நின்றார். தவற்றைச் சரிசெய்கிற முறையில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். "அப்படியானால், நீ அதை எடுக்கவில்லை?"

அய்யாக்கண்ணு வாயைத் திறந்தான். அந்த யெஸ் நாக்கு நுனிக்கு வருவதற்குள் பேபி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"நக்கோ," என்றாள். "ஒண்ணும் பேசாதேயும். துரை, இவர் சார்பில் நான் சொல்கிறேன். நோ. பெரிய நோ."

துரை சிரித்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று கையை ஆட்டினார்.

வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அய்யாக்கண்ணு நாலெட்டு ஓடினான். பிறகு மரியாதை ஞாபகம் வந்து நின்றான். திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விடைபெற்றான்.

"ஐ ஆம் கமிங், சார்."

துரையின் முகம் இருண்டது. "இவனுமா? இவனையாவது 'கோயிங்' என்று சொல்லச் சொல்லும்."

"சொல்ல மாட்டான் சார்," என்றார் ஜெயகரன். "போகிறேன் என்றால் திரும்பி வர மாட்டான் என்று எங்களுக்கு அர்த்தம். இன்றைக்கு அந்த வார்த்தைக்கு மிக அருகில் போய்விட்டு வந்திருக்கிறான்."

துரை வாசலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"ஆல் ரைட்," என்றார். "கம்."

அய்யாக்கண்ணு போனான்.